முகத்தில் தொங்கும் நரம்புக் கட்டி: ஆபரேஷன் எதைச் சரிசெய்யும், எதைச் செய்யாது?

கேள்வி: என் தங்கைக்கு 22 வயது. பிறந்தபோதே உடம்பில் காபி நிறத் திட்டுகள் நிறைய இருந்தன. மூன்று வயதில் இடது இமை தடிக்க ஆரம்பித்தது. இப்போது நெற்றிப்பொட்டிலிருந்து கன்னம் வரை சதை தொங்குகிறது, இமை கண்ணையே மூடிவிட்டது. கையால் தூக்கிப் பிடித்தால் மங்கலாகத் தெரிகிறது என்கிறாள். உதட்டோரமும் கீழே இறங்கிவிட்டது. எட்டு வயதில் ஒரு மருத்துவமனையில் ஆபரேஷன் செய்தார்கள். ரத்தம் நிற்காததால் பாதியில் தைத்து மூடிவிட்டார்கள். இரண்டு வருடத்தில் பழையபடி ஆகிவிட்டது. 'நியூரோஃபைப்ரோமடோசிஸ் டைப் 1' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இப்போது ஒரு டாக்டர் ஆபரேஷன் செய்யலாம் என்கிறார். இன்னொருவர், கத்தி பட்டால் புற்றுநோயாகிவிடும், தொட வேண்டாம் என்கிறார். முழுவதும் எடுக்க முடியாதா? மறுபடி வளருமா? வெளிநாட்டில் முகத்தையே மாற்றியதாகப் படித்தேன், அது சாத்தியமா? எனக்குத் திருமணப் பேச்சு நடக்கிறது, என் பிள்ளைகளுக்கு இது வருமா?
ஒரு வாசகர், சிவகங்கை மாவட்டம்

பதில்: உங்கள் தங்கைக்கு இருப்பது பிளெக்ஸிஃபார்ம் நியூரோஃபைப்ரோமா என்ற வகைக் கட்டி. 17ஆவது குரோமோசோமில் உள்ள ஒரு மரபணு பழுதடைவதால் வரும் நோய் இது. நரம்பைச் சுற்றியுள்ள செல்களின் வளர்ச்சிக்குக் கடிவாளமாக இருக்கும் நியூரோஃபைப்ரோமின் என்ற புரதத்தை அந்த மரபணுதான் உண்டாக்குகிறது. அது குறையும்போது நரம்பின் நீளம் முழுக்கக் கட்டி படர்கிறது. முகத்தில் பெரும்பாலும் உணர்ச்சி நரம்பான ஐந்தாவது மூளை நரம்பின் கிளைகளோடு போகும். அதனால்தான் நெற்றிப்பொட்டு, இமை, கன்னம் என்று ஒரே பக்கமாக இறங்கியிருக்கிறது.

முழுவதும் எடுக்க முடியுமா என்றால், முடியாது. கொழுப்புக் கட்டி என்றால் பலாச்சுளையை எடுப்பதுபோல உறையோடு பிரித்து எடுத்துவிடலாம். இதற்கு உறை கிடையாது. தோல், கொழுப்பு, தசை, இமை, உமிழ்நீர்ச் சுரப்பி எல்லாவற்றிலும் ஊடுருவியிருக்கும். கண்ணை மூடவும் வாயை அசைக்கவும் உதவும் ஏழாவது நரம்பின் கிளைகள் அதற்குள்ளேயே ஓடும். எல்லாவற்றையும் எடுத்தால் கட்டியோடு முகத்தின் அசைவும் போய்விடும். ஆகவே டாக்டரிடம் 'எவ்வளவு எடுப்பீர்கள்' என்று கேட்பதைவிட, 'எதைச் சரிசெய்யப் போகிறீர்கள், எந்த வரிசையில்' என்று கேளுங்கள். பார்வை, மெல்லுவதும் பேசுவதும், தொங்கும் பாரம், தோற்றம் என்று ஒவ்வொன்றுக்கும் தனித் திட்டம் வேண்டும். எடுத்ததைவிட, மிச்சமிருப்பதை எங்கே தூக்கி எப்படி நிறுத்தினார்கள் என்பதுதான் பத்து வருடம் கழித்து முகத்தில் தெரியும்.

எட்டு வயதில் செய்தது ஏன் திரும்ப வளர்ந்தது என்பதற்கும் காரணம் உண்டு. இந்தக் கட்டிகள் குழந்தைப் பருவத்தில்தான் வேகமாக வளரும். பத்து வயதுக்குள் செய்வதும், தலை, முகம், கழுத்துப் பகுதியில் இருப்பதும், கொஞ்சம் மட்டுமே எடுப்பதும் மறுவளர்ச்சிக்கு அதிக வாய்ப்புள்ள சூழ்நிலைகள். உங்கள் தங்கைக்கு மூன்றும் சேர்ந்திருந்தன. 22 வயதில் நிலைமை வேறு. வளர்ச்சி பொதுவாக மந்தப்பட்டிருக்கும். இப்போது செய்தாலும் மிச்சமுள்ள கட்டி மெல்ல வளரலாம், தோலும் பாரத்தால் மறுபடி இறங்கும். ஆனால் இரண்டே வருடத்தில் பழையபடி ஆகும் சாத்தியம் அப்போதைவிட மிகக் குறைவு.

கத்தி பட்டால் புற்றுநோயாகும் என்பது தவறு. இந்த நோய் உள்ளவர்களில் நூற்றுக்கு 8 முதல் 13 பேருக்கு வாழ்நாளில் ஏதோ ஒரு நரம்புக் கட்டி புற்றாக மாறலாம். அது நோயின் இயல்பு, ஆபரேஷனால் வருவதில்லை. உண்மையில் அந்த ஆபத்தைக் கூட்டுவது கதிர்வீச்சு சிகிச்சை. கட்டியைச் சுருக்க கரன்ட் வைக்கலாம் என்று யாராவது சொன்னால் சம்மதிக்காதீர்கள். புதிதாக ஆரம்பித்து விடாமல் இருக்கும் வலி, தூக்கத்திலிருந்து எழுப்பும் வலி, சில வாரங்களில் திடீரென்று பெரிதாவது, மெத்தென்று இருந்த இடத்தில் கெட்டியான முடிச்சு, புதிதாக மரத்துப்போவது அல்லது முகம் கோணுவது ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் தோற்றத்துக்கான ஆபரேஷனைத் தள்ளிவைத்து எம்.ஆர்.ஐ., பெட் ஸ்கேன், சந்தேகப்படும் இடத்திலிருந்தே பயாப்ஸி என்று போக வேண்டும்.

அடுத்து கண். இதைப் பற்றி முதலிலேயே மனதைத் திடப்படுத்திக்கொள்வது நல்லது. மூன்று வயதிலிருந்து இமை மூடியிருந்தால், பார்க்கக் கற்றுக்கொள்ள வேண்டிய வயதில் மூளைக்கு அந்தக் கண்ணிலிருந்து தெளிவான படம் போயிருக்காது. அப்படி மங்கிய பார்வை இப்போது இமையைத் தூக்குவதால் திரும்பாது. இந்தப் பக்கக் கண்ணில் கண்நீர் அழுத்தமும் கூடியிருக்கலாம், கண்விழியே பெரிதாகியிருக்கலாம். ஆகவே பிளாஸ்டிக் சர்ஜனிடம் போவதற்கு முன் கண் பரிசோதனை நடக்கட்டும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் இமை, கண்குழி அறுவைக்கெனத் தனிப் பிரிவே இருக்கிறது, உங்களுக்கு அது பக்கம். இமையைப் பிளாஸ்திரியால் தூக்கி ஒட்டிவிட்டுப் பார்வை அளவு, கண் அழுத்தம், பார்வை நரம்பின் நிலை மூன்றையும் எழுதி வாங்குங்கள்.

அந்த முடிவை வைத்துத்தான் மற்றதெல்லாம். இயான் ஜாக்சன் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் 1993இல் இந்த நோயாளிகளை மூன்று வகையாகப் பிரித்தார். சதை மட்டும் பாதிக்கப்பட்டு கண் தெரிபவர்கள், எலும்பும் பாதிக்கப்பட்டு கண் தெரிபவர்கள், எலும்பும் போய் பார்வையும் போனவர்கள். இன்றும் திட்டமிட இது உதவுகிறது. பார்வையுள்ள கண் என்றால் ஒவ்வொரு மில்லிமீட்டரும் அதைக் காப்பாற்றுவதற்காகத்தான். பார்வை அறவே போய், வலியும் இருக்கும் கண் என்றால் அதை எடுத்துச் செயற்கைக் கண் பொருத்துவது முகத்துக்கு நல்ல சமநிலை தரும். எந்த வகை என்று தெரியாமல் கன்னத்தில் கத்தி வைக்கக் கூடாது.

எலும்பைப் பார்க்க மெல்லிய வெட்டுகளோடு சி.டி. ஸ்கேன் வேண்டும். கண்குழியின் பின்சுவராக இருக்கும் ஸ்ஃபீனாய்டு எலும்பின் ஒரு பகுதி இந்த நோயில் சிலருக்கு உருவாகாமலே போயிருக்கும். அப்படியானால் மூளையின் துடிப்பு நேராகக் கண்ணில் தெரியும். தங்கையைப் பக்கவாட்டில் உட்காரவைத்து இமையின் மேல் லேசாக விரலை வைத்துப் பாருங்கள். நாடி அடிப்பதுபோலக் கண் துடித்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், நியூரோசர்ஜன் கட்டாயம் கூட இருக்க வேண்டிய கேஸ் அது. அந்த ஓட்டையை மண்டையோட்டு எலும்பைப் பிளந்து வைத்து மூடுவார்கள். ஆனால் அப்படி வைத்த எலும்பு சில வருடங்களில் கரைந்துபோவது உண்டு. அதனால் டைட்டானியம் வலையைத் தனியாகவோ எலும்போடு சேர்த்தோ வைப்பது வழக்கமாகிவிட்டது.

கட்டி எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதற்கு முகம், கழுத்து, மூளை சேர்த்து எம்.ஆர்.ஐ. வேண்டும், கான்ட்ராஸ்ட் ஊசியோடு. தொண்டைக்குள்ளோ நாக்கடியிலோ கட்டி இருந்தால் மயக்க மருந்து நிபுணருக்கு மூச்சுக் குழாய் செலுத்துவது கஷ்டமாகும். முன்கூட்டித் தெரிந்தால் விழித்த நிலையிலேயே ஃபைபர் ஸ்கோப் மூலம் செலுத்தத் தயாராக இருப்பார். கழுத்து எலும்பு வளைந்திருக்கிறதா என்பதும் இதிலேயே தெரியும்.

பலர் விட்டுவிடும் ஒரு பரிசோதனை ரத்த அழுத்தம். இந்த நோயுள்ள சிலருக்கு அட்ரினல் சுரப்பியில் ஃபியோகுரோமோசைட்டோமா என்ற கட்டி ஓசையின்றி இருக்கும். மயக்கம் கொடுத்தவுடன் பி.பி. தாறுமாறாக ஏறி உயிருக்கே ஆபத்தாகும். வேறு சிலருக்குச் சிறுநீரக ரத்தக் குழாய் சுருங்கியிருக்கும். தங்கைக்கு பி.பி. ஒருமுறை கூடுதலாகக் காட்டினாலும், படபடப்பு, வியர்வை, தலைவலி மூன்றும் சேர்ந்து வந்து போனாலும், அந்தக் கட்டியைக் காட்டிக்கொடுக்கும் மெட்டாநெஃப்ரின் என்ற பொருளின் அளவை ரத்தத்திலோ 24 மணி நேரச் சிறுநீரிலோ பார்க்காமல் ஆபரேஷன் தேதி குறிக்க வேண்டாம்.

இனி ரத்தப்போக்கு. எட்டு வயதில் நடந்தது எதனால் என்று புரிந்தால், இப்போது எதைக் கேட்க வேண்டும் என்பது தானாகத் தெரியும். இந்தக் கட்டிக்குள் ரத்தக் குழாய்கள் அகன்று, சுவர் நைந்துபோய்க் கிடக்கும். சாதாரண ரத்தக் குழாய் வெட்டுப்பட்டால் தானே சுருங்கும். இது சுருங்காமல் திறந்தே கிடக்கும். கிளிப்பில் பிடித்தால் கிழியும், தையல் போட்டு இறுக்கினால் நூல் சதையை அறுத்துக்கொண்டு வரும், சுட்டால் கருகி விலகிப் பக்கத்தில் இன்னொன்று பீறிடும். ஈரமான, சாம்பல் கலந்த வெண்மை நிறச் சதை முழுவதும் ஒரே நேரத்தில் கசியும். அந்த நிலையில் அழுத்திப் பிடித்துத் தைத்து மூடிவிட்டு வெளியே வருவதுதான் சரியான முடிவு. பாதியில் நிறுத்தியவர்கள் உயிரைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தார்கள். குறை இருந்தது முன்னேற்பாட்டில்.

அந்த முன்னேற்பாடுகள் என்ன? கட்டி பெரிதாகவும் ரத்த ஓட்டம் அதிகமாகவும் இருந்தால் ஆபரேஷனுக்கு 24 முதல் 72 மணி நேரத்துக்கு முன் ஆஞ்சியோகிராம் செய்து, கட்டிக்கு ரத்தம் கொண்டுவரும் வெளிக் கரோட்டிட் என்ற கழுத்துத் தமனியின் கிளைகளைத் துகள்களாலோ பசையாலோ அடைப்பார்கள். எம்பொலைசேஷன் என்று பெயர். நாட்களைத் தள்ளிப்போட்டால் பக்க வழிகள் திறந்துகொண்டு பலன் போய்விடும். இதிலும் ஆபத்து உண்டு. கண்ணுக்குப் போகும் குழாயோடு இந்தக் கிளைகளுக்குத் தொடர்பு இருந்தால் அடைப்புத் துகள் அங்கே போய்ப் பார்வை போகலாம், அரிதாகப் பக்கவாதம் வரலாம், தோல் கருகலாம். ஆகவே இதில் பழக்கமுள்ள இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்ட் (ரத்தக் குழாய் வழியாகச் சிகிச்சை செய்யும் நிபுணர்) இருக்கும் இடமாகப் பாருங்கள்.

ஆபரேஷன் மேஜையில், கீறுவதற்கு முன் ரத்தக் கசிவைக் குறைக்கும் டிரானெக்ஸாமிக் அமிலம் என்ற மருந்தை ரத்த நாளம் வழியாக, உடல் எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் கணக்கில் கொடுப்பது வழக்கம். கட்டிக்குள் அட்ரினலின் கலந்த நீரை, இரண்டு லட்சத்தில் ஒரு பங்கு அல்லது அதைவிட நீர்த்த அளவில் ஏற்றிப் பத்து நிமிடம் காத்திருப்பார்கள். (மேலே சொன்ன அட்ரினல் கட்டி இல்லையென்று உறுதியாக வேண்டியதற்கு இது இன்னொரு காரணம்.) தலைப்பக்கம் உயர்த்திவைப்பார்கள், பி.பி.யைப் பாதுகாப்பான அளவுக்குத் தாழ்த்திவைப்பார்கள். எடுக்கப்போகும் பகுதியைச் சுற்றி முன்கூட்டியே தடித்த தையல்களை வரிசையாகப் போட்டு இறுக்கிக்கொண்டு, அதற்கு உள்ளே வெட்டுவது நல்ல முறை. பொருந்தும் ரத்தம் பிளட் பேங்கில் எடுத்துவைத்த பிறகுதான் ஆரம்பிக்க வேண்டும். எத்தனை யூனிட் என்று முந்தின நாளே கேளுங்கள், உறவினர்களில் கொடுக்கக்கூடியவர்களைத் தயாராக வையுங்கள். ஆஸ்பிரின் போன்ற மாத்திரைகளையும், நாட்டு மருந்து எதுவானாலும் அதையும் டாக்டரிடம் சொல்லி முன்பே நிறுத்த வேண்டும்.

ஏழாவது நரம்பைக் காப்பாற்ற நெர்வ் மானிட்டர் வைப்பார்கள். முகத் தசைகளில் மெல்லிய ஊசி மின்முனைகள் இருக்கும். நரம்புக்குப் பக்கத்தில் கருவி போனால் ஒலி எழுப்பும். இது வேலைசெய்ய வேண்டுமானால் மயக்க மருந்து நிபுணர் நீண்ட நேரம் தசையைத் தளர்த்தும் மருந்தைத் தவிர்க்க வேண்டும். ஏற்கெனவே ஒருமுறை அறுத்து வடுவான இடம் என்பதால் நரம்பு இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது. இதெல்லாம் செய்தும் நெற்றிக் கிளையோ உதட்டுக் கிளையோ பழுதாகலாம் என்பதைக் கையெழுத்துப் போடும்போது மனதில் வையுங்கள். இப்போதே புருவம் தூக்குகிறாளா, கண்ணை இறுக மூடுகிறாளா, பல்லைக் காட்டுகிறாளா என்று மூன்று சிறு வீடியோ எடுத்துவைத்தால், பிறகு எது பழையது எது புதியது என்ற குழப்பம் வராது.

வரிசை முக்கியம். கண்குழி எலும்பு வேலை இருந்தால் அது முதலில். அடுத்தது கன்னமும் நெற்றிப்பொட்டும். இமை கடைசி. விழி எங்கே நிற்கும் என்று தீர்மானமாகாமல் இமையைச் சரிசெய்தால் பாழாகிவிடும். கன்னத்துக்குக் காதின் முன்புறத்திலிருந்து முடியோரம் வரை போகும் கீறல் போட்டு, கூடுதல் சதையையும் தோலையும் எடுத்து, மிச்சத்தை மேலே இழுத்து கன்ன எலும்பிலும் நெற்றிப்பொட்டின் உறுதியான சவ்விலும் தைத்துக் கட்டுவார்கள். தோலை மட்டும் இழுத்துத் தைத்தால் சில மாதங்களில் இறங்கிவிடும். உதட்டோரத்தைத் தூக்கத் தொடையிலிருந்து எடுத்த தசை உறைப் பட்டையைக் கயிறுபோலப் பயன்படுத்துவது உண்டு. மறுபக்கத்தைவிடச் சற்றுக் கூடுதலாகத் தூக்கித்தான் வைப்பார்கள், பாரத்தில் கொஞ்சம் இறங்கும் என்பதால். முதல் வாரத்தில் கண்ணாடியில் பார்த்துவிட்டு இழுத்துக் கட்டிவிட்டார்களே என்று பதற வேண்டாம்.

இமை வருடக்கணக்கில் இழுபட்டு நீண்டிருக்கும். அதில் ஒரு துண்டை முழுத் தடிமனோடு எடுத்துக் குறுக்கி, வெளிமுனையைக் கண்குழி எலும்பில் துளையிட்டுக் கட்டுவார்கள். இமை தூக்கும் தசை கட்டியால் அரிக்கப்பட்டிருந்தால் நெற்றித் தசையோடு இமையைப் பட்டையால் இணைப்பார்கள். ஆனால் நெற்றித் தசையே அசையாவிட்டால் அந்த முறை பலிக்காது. நரம்பின் நெற்றிக் கிளையை ஏன் அவ்வளவு காக்கிறோம் என்பது இதனால்தான். இமையை வேண்டுமென்றே கொஞ்சம் தாழ்வாகவே நிறுத்துவது நல்லது. அதிகம் தூக்கினால் தூக்கத்தில் கண் மூடாது, கருவிழி காய்ந்து புண்ணாகும்.

ஆபரேஷன் முடிந்த முதல் இரண்டு நாள் கண்ணும் கருத்துமாக இருங்கள். தலையை 30 முதல் 45 டிகிரி உயர்த்திப் படுக்கவைக்க வேண்டும். முகம் திடீரென்று விண்ணென்று வீங்கினாலோ, வடிகுழாய்ப் புட்டியில் சிவந்த ரத்தம் சட்டென்று நிறைந்தாலோ, கண்ணுக்குள் அழுத்தும் வலியோடு பார்வை மங்கினாலோ காலை ரவுண்ட்ஸ் வரை காத்திருக்காமல் அந்த நிமிடமே நர்ஸைக் கூப்பிடுங்கள். கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கட்டினால் பார்வையைக் காப்பாற்ற அவகாசம் மிகக் குறைவு. முகத் தையல் 5 முதல் 7 நாளில் பிரிப்பார்கள். இரவில் கண் களிம்பு, பகலில் செயற்கைக் கண்ணீர் சொட்டு சில மாதங்களுக்குத் தேவைப்படும். வீக்கம் முழுக்க வடிய ஆறு மாதம் ஆகும். அதற்கு முன் அடுத்த கட்டம் பற்றி முடிவெடுக்காதீர்கள். எடுத்த சதையில் ஒரு துண்டு மட்டுமல்ல, பல இடங்களிலிருந்து பயாப்ஸிக்குப் போக வேண்டும். எட்டு வயது ஆபரேஷனின் பழைய பயாப்ஸி பிளாக் (மெழுகில் பதித்துவைத்த சதைத் துண்டு) கிடைத்தால் அதையும் வாங்கிவையுங்கள், ஒப்பிட உதவும்.

மாத்திரை பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் தெரிந்திருக்க வேண்டும். செலுமெட்டினிப் என்ற மாத்திரைக்கு 2020 ஏப்ரலில் அமெரிக்காவில், ஆபரேஷனால் எடுக்க முடியாத இத்தகைய கட்டியுள்ள குழந்தைகளுக்காக அனுமதி கிடைத்தது. அந்த ஆய்வில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு குழந்தைகளுக்குக் கட்டியின் கன அளவு ஐந்தில் ஒரு பங்காவது குறைந்தது. மிர்டாமெட்டினிப் என்ற இன்னொரு மருந்து 2025 பிப்ரவரியில் பெரியவர்களுக்கும் சேர்த்து அனுமதி பெற்றது. இவை கட்டியைக் கரைத்துவிடுவதில்லை, தொங்கிய தோலை மேலே ஏற்றவும் செய்யாது. நிறுத்தினால் சிலருக்குத் திரும்ப வளரும். முகப்பரு போன்ற தடிப்பு, நகக்கண் புண், வயிற்றுப்போக்கு வரும். இதயமும் விழித்திரையும் அவ்வப்போது பார்க்கப்பட வேண்டும், கருத்தரிக்கக் கூடாது. விலையும் மிக அதிகம். ஆழத்தில் எடுக்க முடியாத பகுதி வளர்ந்துகொண்டிருந்தால் புற்றுநோய் மருந்தியல் நிபுணரிடம் கேட்க வேண்டிய மருந்து இது. தொங்கும் கன்னத்துக்கு வழி ஆபரேஷன்தான்.

முகமாற்று சிகிச்சை நீங்கள் படித்ததுபோலவே நடந்திருக்கிறது. பாரிஸை அடுத்த கிரெத்தெய் நகரில் லோரான் லான்தியேரி குழுவினர் 2007இல் இதே நோயுள்ள ஒருவருக்குச் செய்தார்கள். 2010இல் முழு முகமும் பெற்ற இன்னொரு நோயாளியின் உடல் அந்த முகத்தை 2017இல் நிராகரித்தது. அதை எடுத்துவிட்டு, 2018இல் இரண்டாவது முகம் வைக்க வேண்டியிருந்தது. வாழ்நாள் முழுக்க எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிட வேண்டும். புற்று வரும் வாய்ப்பு ஏற்கெனவே உள்ளவருக்கு அது கூடுதல் சுமை. ஒரு பக்கம் மட்டும் பாதிக்கப்பட்டு, மறுபக்கம் நன்றாக இருக்கும் உங்கள் தங்கைக்கு இந்த வழியை நான் யோசிக்கவே மாட்டேன்.

உங்கள் பிள்ளைகள் விஷயம். இந்த நோயுள்ளவர்களில் பாதிப் பேருக்குப் பெற்றோரிடமிருந்து வராமல் புதிதாகவே மரபணு மாறியிருக்கும். உங்கள் தோலை நல்ல வெளிச்சத்தில் ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள். காபி நிறத் திட்டுகள் ஆறோ அதற்கு மேலோ, அக்குளிலும் தொடை இடுக்கிலும் சிறு புள்ளிகள், கருவிழித் திரையில் லிஷ் முடிச்சுகள் எனப்படும் சிறு பழுப்புப் புடைப்புகள் எதுவும் இல்லையென்றால் உங்களுக்கு நோய் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். எட்டு வயதுக்குள் ஏறக்குறைய எல்லோருக்கும் அடையாளம் தெரிந்துவிடும், ஒளிந்திருந்து அடுத்த தலைமுறைக்குத் தாவும் நோயல்ல இது. பெண் வீட்டாரிடம் தைரியமாகச் சொல்லலாம். தங்கைக்குப் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் வருவதற்கு வாய்ப்பு 50 சதவீதம். வந்தாலும் அவளைப் போலவே கடுமையாக இருக்கும் என்றில்லை, திட்டுகளோடு நின்றுவிடுபவர்களும் உண்டு. அவள் திருமணத்தைப் பற்றி நினைத்தால் முதலில் அவளுக்கு மரபணுப் பரிசோதனை செய்து, எந்த மாற்றம் என்று கண்டுபிடித்து வைக்க வேண்டும். அது தெரிந்தால்தான் கருவில் பரிசோதிக்க முடியும். கர்ப்பகாலத்தில் கட்டிகள் பெரிதாகலாம் என்பதால் முக ஆபரேஷனை அதற்கு முன்பே முடித்துக்கொள்வது நல்லது. முப்பது வயதிலிருந்து வருடாவருடம் மார்பகப் பரிசோதனையும் வேண்டும், இந்த நோயுள்ள பெண்களுக்கு மார்பகப் புற்று இளவயதிலேயே வர வாய்ப்பு அதிகம்.

பிளாஸ்டிக் சர்ஜரி, நியூரோசர்ஜரி, கண், ரேடியாலஜி, ரத்த வங்கி எல்லாம் சேர்ந்து வேலை செய்யும் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். மதுரை அரசு ராஜாஜி, சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனை, வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால், ஆபரேஷனுக்கு மட்டுமா, எம்பொலைசேஷனுக்கும் சேர்த்தா என்று அட்மிஷனுக்கு முன்பே காப்பீட்டு கவுண்டரில் தனித்தனியாகக் கேட்டு ஒப்புதல் வாங்குங்கள். முதல் நாள் போகும்போது பழைய டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் சி.டி.க்கள், கண் ரிப்போர்ட், பி.பி. குறிப்பு, சிறுவயதிலிருந்து வருடத்துக்கு ஒரு முகப் போட்டோ, அந்த மூன்று வீடியோக்கள் ஆகியவற்றோடு போங்கள். தங்கையை முன்னால் உட்காரவைத்து அவளையே பேசவிடுங்கள். கண் திறக்க வேண்டுமா, சாப்பிடும்போது வழிவது நிற்க வேண்டுமா, பாரம் குறைய வேண்டுமா என்று அவள் சொல்லும் வரிசையில்தான் ஆபரேஷன் திட்டம் எழுதப்பட வேண்டும்.